ஆதிலட்சுமியும் கண்டிச்சீமைக் கடல்வழியும்

1864 பெப்ரவரியில் தமிழகக் கரையிலிருந்து இலங்கைக்குத் தொழிலாளரை ஏற்றிவந்த ஆதிலட்சுமி என்னும் கப்பல் மூழ்கியது. ஏறத்தாழ 120 பேர் மாண்டனர். மலையகத் தமிழரின் வரவைப் பேசும் நூல்களில் இக்கப்பலின் பெயர் நிலைத்துவிட்டது. அதே கடலைக் கடந்த பெரும்பாலான தோணிகளுக்குப் பெயரே மிஞ்சவில்லை.

ஆதிலட்சுமி அடிமைக் கப்பல் அன்று. அடிமை முறை ஒழிந்ததன் விளைவுகளோடு சேர்ந்த கப்பல். பிரித்தானியப் பேரரசின் 1833ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் மேற்கிந்தியத் தீவுகளின் கோப்பி உற்பத்தி சரிந்தது. அந்த இடத்தைக் கண்டி மலைகள் பிடித்தன. பிரெஞ்சுக்காரரும் 1848இல் அடிமை முறையை ஒழித்தபின் ரீயூனியன் கரும்புத் தோட்டங்களுக்குப் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியே தமிழரை ஏற்றினர். அங்கே எழுத்து ஒப்பந்தம் கட்டிப்போட்டது. இலங்கையில் அதுவும் இல்லை. ஆள்திரட்டிய கங்காணி கொடுத்த முன்பணமே போதுமானதாக இருந்தது. வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் ஆளின் பேரில் கடனாக ஏறும். தோட்டம் மாறும்போது அந்தக் கடன் 'துண்டு' என்ற சீட்டில் எழுதப்பட்டு ஆளோடு கூடவே போகும். சட்டத்தின் பார்வையில் இவர்கள் சுதந்திரமானவர்கள்.

கடற்பயணம் குறுகியது, உயிரை அதிகம் குடித்தது தரைவழிதான். மன்னார்ப் பக்கம் இறங்கியவர்கள் வறண்ட காட்டினூடே மாத்தளை வரை நடந்தார்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் பட்டினியும் வழிநெடுகக் கொன்றன. 1841 முதல் 1848 வரை 70,000 பேர் இறந்ததாக 1849இல் 'கொழும்பு ஒப்சேவர்' மதிப்பிட்டது. அது மிகை என்று கருதும் ஆய்வாளர் உண்டு. மிகையைக் கழித்தாலும் மீதி சிறிதல்ல.

கோப்பிக்கு வேண்டியது அறுவடைக் காலத்து ஆட்கள். பலர் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் பயிரிட்டிருந்த தேயிலை அடுத்து மலைகளில் பரவியது. தேயிலைக்குக் கொழுந்து பறிக்க ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். குடும்பங்கள் லயங்கள் என்னும் வரிசை வீடுகளில் நிலைகொண்டன. ரயில்பாதை 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டியது.

1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. புதியவர்கள் மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக் காவல் கழித்து அதில் வந்து, ரயிலேறி மலைக்குப் போனார்கள். துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் நீக்கப்பட்டது.