வானூர்தி நடந்த வழி

2007-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 25-ஆம் நாள், சிங்கப்பூர்ச் சாங்கி விமான நிலையத்திலிருந்து சிட்னி நகரை நோக்கி ஒரு வானூர்தி புறப்பட்டது. ஏ-380 என்னும் ஈரடுக்குப் பேரூர்தி, பயணிகளை ஏற்றிக்கொண்டு வணிக முறையில் பறந்த முதல் நாள் அது. அப்பயணத்தின் இருக்கைகள் ஏலத்தில் விடப்பட்டன. கிடைத்த தொகை அறப்பணிகளுக்கு வழங்கப்பட்டது. உலகின் மிகப்பெரிய பயணியர் விமானம் முதன்முதலில் நம் மண்ணிலிருந்து எழுந்தது என்னும் பெருமிதம் பலருக்கும் இருந்தது. அப்பெருமிதம் தகுதியுடையதே.

ஆயின், அந்நாளில் நாம் கண்டதெல்லாம் அது பறந்ததை மட்டுமே. பறப்பதற்கு முன் அவ்வூர்தி கடலில் மிதந்தது, ஆற்றில் தவழ்ந்தது, சிற்றூர்களின் குறுகிய வீதிகளில் நள்ளிரவில் ஊர்ந்தது. தேருக்கு நிலம், கலத்துக்கு நீர் என ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் உண்டு என்பது நாம் பள்ளியிலேயே கற்ற பாடம். வானுக்கென்று படைக்கப்பட்ட ஒன்று நீரையும் நிலத்தையும் கடந்தே வானை அடைந்த வரலாறு நாம் அறிந்துகொள்ள வேண்டிய வரலாறாகும்.

ஒரே இடத்தில் செய்திருந்தால் இத்தனை அலைச்சல் வேண்டியதில்லையே என்று மாணவர் வினவலாம். நல்ல வினாவே. அதற்குரிய விடை பொறியியலில் மட்டுமன்று, அரசியலிலும் இருக்கின்றது. 1970-ஆம் ஆண்டில் தோன்றிய ஏர்பஸ் நிறுவனம் ஒரு தனி நாட்டின் நிறுவனமன்று. தனித்து நின்றால் அமெரிக்க விமானத் தொழிலோடு போட்டியிட இயலாது என்று கண்ட ஐரோப்பிய நாடுகள் கூடி உருவாக்கிய நிறுவனம் அது. கூட்டு முயற்சியில் செலவைப் பகிர்ந்தோர் வேலையையும் பகிர்ந்துகொண்டனர். இறக்கைகள் பிரிட்டனுக்கு, உடற்பகுதியில் பெரும்பங்கு ஜெர்மனிக்கு, மூக்குப் பகுதியும் நடுப்பகுதியும் பிரான்சுக்கு, வாற்பகுதியின் கிடைச்சிறகு ஸ்பெயினுக்கு. நான்கு நாடுகளிலும் பல்லாயிரம் குடும்பங்களின் பிழைப்பு இப்பங்கீட்டில் அடங்கியிருந்தது. ஆகவே பாகங்கள் பயணம் செய்தேயாக வேண்டும் என்னும் நிலை தொடக்கத்திலேயே ஏற்பட்டுவிட்டது.

முன்னைய விமானங்களின் பாகங்கள் வான்வழியே சென்றன. தொடக்கத்தில் ‘சூப்பர் கப்பி’ என்னும் பருத்த விமானங்கள் அவற்றைச் சுமந்தன. அவை பழைய போயிங் விமானங்களை மாற்றியமைத்துக் கட்டப்பட்டவை. போட்டியாளரின் முதுகிலேறியே ஏர்பஸ் வளர்ந்தது என்று அந்நாளில் நகையாடியோரும் உண்டு. 1990-களின் நடுவில் ‘பெலுகா’ என்னும் திமிங்கில வடிவ விமானம் அப்பணியை ஏற்றது. ஆனால் 2000-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் ஏ-380 திட்டம் முறையாகத் தொடங்கப்பட்டபோது அந்தத் திமிங்கிலத்தின் வயிறும் போதவில்லை. புதிய ஊர்தியின் உடல் 7 மீட்டருக்கு மேல் அகலமும் 8 மீட்டருக்கு மேல் உயரமும் கொண்டது. சிறிய பாகங்கள் சிலவற்றைத் தவிர, ஏனையவற்றை வானில் ஏற்ற வழியில்லை. ஆதலின் கடல்வழி தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆயின், இறுதிப் பொருத்துப்பணி நடைபெறவிருந்த தூலூஸ் நகரமோ கடலிலிருந்து வெகுதொலைவில், பிரான்சின் தென்மேற்கு உள்நாட்டில் அமைந்திருந்தது. எல்லா இடர்ப்பாட்டுக்கும் இதுவே வேர்.

இதற்கெனவே ‘வீல் த போர்தோ’ என்னும் கப்பல் சீனாவில் கட்டப்பட்டது. அது ஜெர்மனியின் ஹம்பர்க், வேல்ஸ் நாட்டின் மாஸ்டின், பிரான்சின் சேன் நசேர் ஆகிய துறைகளில் பாகங்களை ஏற்றும். ஸ்பெயினின் காதிஸ் பகுதியில் செய்யப்பட்ட கிடைச்சிறகும் கடல்வழியே வரும். இவை யாவும் ஜிரோந்த் கழிமுகத்திலுள்ள பொயாக் என்னும் சிறு துறையை வந்தடையும். திராட்சைத் தோட்டங்களால் உலகப் புகழ் பெற்ற ஊர் அது. அங்கே பாகங்கள் தட்டையான ஆற்றுப் படகுகளுக்கு மாற்றப்பட்டு, கரோன் ஆற்றின்வழி 95 கிலோமீட்டர் உள்ளே சென்று லாங்கோன் என்னும் ஊரில் கரையேறும்.

ஆற்று வழியில் ஓர் இடையூறு இருந்தது. போர்தோ நகரின் நடுவே, 1822-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட பழைய கற்பாலம் பதினேழு வளைவுகளுடன் குறுக்கே நிற்கின்றது. நெப்போலியன் காலத்தில் தொடங்கப்பட்ட அப்பாலத்தை வானூர்திக்காக இடிக்கவா முடியும்? ஆற்றில் கடலின் ஏற்றவற்றம் தெரியும். நீர் மிகுந்தால் சரக்கு வளைவில் இடிக்கும். குறைந்தால் படகு தரை தட்டும். எனவே ஓதத்தின் நேரம் கணித்து, படகின் அடித்தொட்டிகளில் நீரை நிரப்பித் தாழ்த்தி, உரிய பொழுதில் வளைவினூடே நுழைந்தனர். சிங்கப்பூர் ஆற்றை அறிந்த முதியவர்க்கு இது புதுமையாகத் தோன்றாது. 1869-இல் கட்டப்பட்ட கேவனா பாலத்தின் அடியில் செல்ல, நம் தொங்கான்களும் நீர் வற்றும் நேரம் பார்த்துக் காத்திருந்தவையே. பொறிகள் எவ்வளவு வளர்ந்தாலும் நீரின் போக்கறிந்த படகோட்டியின் அறிவுக்கு வேலை இருந்துகொண்டே இருக்கின்றது.

லாங்கோனிலிருந்து தூலூஸ் வரை நிலவழி 240 கிலோமீட்டர். கடினமான பகுதி இதுவே. ஏனெனில் இவ்வழி நெடுஞ்சாலைகளில் செல்லவில்லை. நெடுஞ்சாலைகளின் மேம்பாலங்கள் இச்சுமைக்குத் தாழ்ந்தவை. எனவே வயல்களுக்கும் சிற்றூர்களுக்கும் இடையே செல்லும் நாட்டுப்புறச் சாலைகளைத் தேர்ந்தெடுத்தனர். ஒரு சுமை ஏறத்தாழ 50 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் உடையது. உயரமோ நான்கு மாடி வீட்டுக்கு நிகரானது. மாட்டுவண்டிக்கும் சிற்றுந்துக்கும் அமைந்த சாலையில் அதனை எவ்வாறு கொண்டுசெல்வது?

2001-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாடாளுமன்றம் இப்பணிக்கென்றே தனிச்சட்டம் இயற்றியது. அரசும் நிறுவனமும் செலவைப் பகிர்ந்துகொண்டன. சாலைகள் அகலப்பட்டன. சில ஊர்களைச் சுற்றிப் புறவழிகள் அமைந்தன. மின்கம்பிகள் நிலத்தடியில் புதைக்கப்பட்டன. போக்குவரத்து விளக்குகள் வேண்டும்போது விலக்கக்கூடியனவாக மாற்றப்பட்டன. சாலைச் சந்திகளின் வட்டத் திட்டுகளை ஊடறுத்துச் செல்ல வழி செய்யப்பட்டது. பெருந்தேர் ஓடும் ஊரில் தேருக்கேற்ப வீதி அமைவதை நாம் அறிவோம். இங்கோ தேர் பிற்காலத்தில் வந்தது. வீதியோ பன்னூறு ஆண்டுகளாக இருந்தது. பழைய வீதி புதிய தேருக்கு இடம்விட வேண்டியதாயிற்று.

எல்லோரும் மனமுவந்து இடம்விடவில்லை. சாலையோர மரங்கள் வெட்டப்படுவதை இயற்கை ஆர்வலர் எதிர்த்தனர். தூலூசுக்கு அருகிலுள்ள லெவிஞாக் என்னும் சிற்றூரின் மக்களும் எதிர்ப்புக் குரல் எழுப்பினர். அவ்வூருக்குப் புறவழி அமையவில்லை. ஊர் நடுவே உள்ள வீதியிலேயே சுமைகள் சென்றாக வேண்டும். வீட்டுச் சுவருக்கும் விமானத்தின் உடலுக்கும் இடையே சில இடங்களில் அரை மீட்டர் இடைவெளியே இருந்தது. படுக்கையறைச் சாளரத்தைத் திறந்தால் கைக்கெட்டும் தொலைவில் விமானம்! தொலைவிலிருந்து காண்போர்க்கு இது வேடிக்கை. அவ்வீட்டில் குழந்தையை உறங்கவைக்கும் தாய்க்கு அவ்வாறன்று. ஐரோப்பாவின் பெருமை எங்கள் வாயிற்படியை ஏன் உரச வேண்டும் என்று அவர்கள் கேட்டிருந்தால் அது நியாயமான கேள்வியே.

2004-ஆம் ஆண்டில் ஊர்வலம் தொடங்கியது. ஒரு விமானத்துக்கு ஆறு சுமைகள்: உடற்பகுதிகள் மூன்று, இறக்கைகள் இரண்டு, கிடைச்சிறகு ஒன்று. இரவு பத்து மணியளவில் சாலை மூடப்படும். முன்னும் பின்னும் காவலர்கள் மோட்டார் சைக்கிளில் வருவர். சுமைகள் மிதிவண்டியின் வேகத்தில் நகரும். இழுத்துவரப்படும் ஊர்தியின் சக்கரங்களும் திரும்பக்கூடியவை. ஆதலால் பாம்புபோல் வளைந்து செல்லும். குறுகிய இடங்களில் ஆட்கள் நடந்து வந்து, விளக்கொளியில் சுவரையும் சுமையையும் மாறிமாறி நோக்கி ஓட்டுநருக்குக் குறிப்புக் காட்டுவர். விடியுமுன் அதற்கென அமைத்த திடலில் ஒதுங்குவர். பகலில் சாலை மீண்டும் ஊராருடையதாகும். இவ்வாறு சில இரவுகள் கழிந்தபின் தூலூஸ் வந்து சேரும்.

அந்த ஓட்டுநர்களின் பெயர்களை எந்த விழா மேடையும் உரக்கச் சொல்லவில்லை. ஆயினும் அவர்களது பணியின் செம்மையை மற்றொரு நிகழ்ச்சியோடு ஒப்பிட்டுக் காண்பது தகும். 2006-ஆம் ஆண்டில் திட்டம் பெருந்தாமதத்தில் சிக்கியது. அதற்குச் சாலையோ கடலோ காரணமன்று. ஒவ்வொரு விமானத்திலும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மின்கம்பி ஓடுகின்றது. ஜெர்மனியிலும் பிரான்சிலும் இருந்த வடிவமைப்பாளர் ஒரே கணினி மென்பொருளின் வெவ்வேறு பதிப்புகளைப் பயன்படுத்தியமையால், தூலூசில் இணைக்கும்போது கம்பிகள் நீளம் போதாமல் நின்றன. சிங்கப்பூருக்கு வரவேண்டிய முதல் ஊர்தி ஏறத்தாழ ஈராண்டு பிந்தியது இதனாலேயே. அரை மீட்டர் இடைவெளியில் சுவரை உரசாமல் கொண்டுவந்து சேர்த்தனர் சாலைத் தொழிலாளர். அறிவாளர் அறைகளிலோ அளவு பிழைத்தது. இஃது எண்ணிப் பார்க்கத்தக்கது.

காலம் விரைந்து மாறியது. நான்கு பொறிகள் கொண்ட பேரூர்தியைவிட, இரண்டு பொறிகள் கொண்ட சிறிய விமானங்களே சிக்கனமானவை என விமான நிறுவனங்கள் கருதலாயின. 2019 பிப்ரவரி 14-ஆம் நாள், உற்பத்தியை நிறுத்தப்போவதாக ஏர்பஸ் அறிவித்தது. 2020-ஆம் ஆண்டில் கடைசி ஊர்வலம் லெவிஞாக் வீதியைக் கடந்தது. முன்னர் எதிர்ப்புக் குரல் எழுந்த அவ்வூரில், மக்கள் இரவில் கூடி நின்று அதனை வழியனுப்பினர். பதினாறு ஆண்டுகள் உறக்கத்தைக் கலைத்த ஒன்று, அதற்குள் அவர்கள் ஊரின் கதையாகிவிட்டது போலும்! 2021 திசம்பரில் கடைசி ஊர்தி ஒப்படைக்கப்பட்டது. மொத்தம் 251 விமானங்களே வாங்கியோர் கைக்குச் சென்றன.

நம் நாட்டிலிருந்து முதலில் பறந்த அந்த ஊர்தி என்னாயிற்று? பத்தாண்டுக் குத்தகை முடிந்து 2017-இல் அது திருப்பி அளிக்கப்பட்டது. புதிதாக எடுத்துக்கொள்வார் இல்லாமையால், பிரான்சின் தென்மேற்கிலேயே, பிரனீஸ் மலையடிவாரத்துத் தார்ப் நகரில், பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டது. எந்த நாட்டுச் சாலையில் துண்டுதுண்டாக நடந்து வந்து உருப்பெற்றதோ, அந்த நாட்டிலேயே மீண்டும் துண்டுகளாயிற்று.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளவேண்டியது யாது? பெருமை வீண் என்பதா? அன்று. நான்கு நாடுகளின் உழைப்பை இணைத்து ஓர் ஊர்தியை உருவாக்கியது அருஞ்செயலே. ஆயின் பெரியவற்றைத் திட்டமிடுவோர் அவற்றின் உயரத்தையும் வேகத்தையும் மட்டும் அளந்தால் போதாது. அவை கடந்துசெல்லும் வீதியின் அகலத்தையும் அவ்வீதியில் வாழ்வோரின் மனத்தையும் அளத்தல் வேண்டும். வீழ்ந்த மரமும் கலைந்த உறக்கமும் கணக்கேட்டில் ஏறுவதில்லை. எனினும் அவையும் அவ்வூர்தியின் விலையே.

ஊர்தி பதினாறு ஆண்டுகளில் அவ்வழியை விட்டு நீங்கிற்று. புறவழிகளும் அகன்ற சாலைகளும் நின்றன. இன்று அவற்றில் உழவர் செல்கின்றனர்; பள்ளிப் பிள்ளைகள் செல்கின்றனர். வானூர்திக்காக அமைந்த வழி இறுதியில் நடப்பவர்க்கே உரியதாயிற்று. வகுப்பறையில் விமானத்தின் வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர், அது பறந்த வானத்தோடு இந்தச் சாலையையும் ஒருமுறை கரும்பலகையில் வரைந்து காட்டுவாராக.