கம்பம் பள்ளத்தாக்கின் படைக்கலப் பயிற்சி: வளரியும் சிலம்பமும்

முன்னுரை

தேனி மாவட்டத்து ஆண்டிபட்டி வட்டத்தில் புலிமான்கோம்பை என்னும் சிற்றூர் உள்ளது. 2006ஆம் ஆண்டில் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர் அங்குக் கண்டறிந்த தமிழி எழுத்து நடுகற்களுள் ஒன்று, கூடலூர் ஆகோளில் உயிர்நீத்த அந்தவன் என்பானுக்கு எடுக்கப்பெற்றதாகும். தொல்காப்பியம் வெட்சித் திணையில் வைத்துக் கூறும் 'ஆகோள்' என்னும் சொல்லே கல்லிலும் பொறிக்கப்பட்டிருத்தல் அறிஞர் பலரின் கருத்தைக் கவர்ந்தது. ஆநிரை கவர்தலும் மீட்டலும் படைக்கலத் தேர்ச்சி இன்றி நிகழா. ஆதலின், இந்நிலப்பகுதியில் அப்பயிற்சி தொன்மையுடையது என்பதற்கு இக்கல் சான்றாகும். ஆயின், அவ்வீரன் ஏந்திய கருவி யாது, அதனை யாரிடம் எவ்வாறு பயின்றான் என்பனவற்றைக் கல் உரைத்திலது. வீரன் பெயர் நின்றது; அவன் கற்ற கலை மறைந்தது. இன்று வழக்கிலுள்ள சிலம்பத்திற்கும் இந்நிலை நேருமோ என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுவது.

வளரியின் மறைவு

இவ்வினாவிற்கு விடை காண, அண்மைக் காலத்தில் மறைந்த மற்றொரு கலையை முதற்கண் நோக்குதல் வேண்டும். வளரி என்பது வளைந்த வடிவுடைய எறிகருவி. 1801ஆம் ஆண்டில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட சின்ன மருதுவே தமக்கு முன்னர் ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்பித்தவர் என்று, ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கிலப் படை அலுவலர் 1830இல் வெளியிட்ட தம் நினைவு நூலில் எழுதியுள்ளார். 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தொகுப்பு நூலோ, மதுரைப் பகுதிக் கள்ளர் திருமணத்தில் இரு வீட்டாரும் வளரியை மாற்றிக்கொள்ளும் வழக்கத்தைக் குறிக்கின்றது. தஞ்சைப் படைக்கலச் சாலையிலிருந்து சென்னை அருங்காட்சியகத்தை அடைந்த வளரிகளையும் அதுவே சுட்டுகின்றது. ஒரு நூற்றாண்டு எல்லைக்குள் போர்க்கருவி சடங்குப் பொருளாகவும் காட்சிப் பொருளாகவும் மாறியமை இவற்றால் விளங்கும்.

இம்மாற்றத்தின் காரணம் என்னை? 1801க்குப் பின்னர்ப் பாளையங்களின் படைவலி ஒடுக்கப்பட்டது. 1878ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் கருவி வைத்திருத்தலைக் கட்டுப்படுத்தியது. எஞ்சியது ஊர்க்காவல் முறை ஒன்றே. அம்முறை குறையற்றதன்று; காவற்கூலி சுமையாயிற்று என்று 1896இல் திண்டுக்கல் பகுதி உழவர் அதற்கு எதிராக எழுந்ததும் வரலாறே. பின்னர், 1911ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ்ப் பிரமலைக் கள்ளர் பதிவு செய்யப்படலாயினர். உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரில், 1920 ஏப்பிரல் 3ஆம் நாள், கைரேகைப் பதிவை எதிர்த்த மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. பதினைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் இச்சட்டம் 1947இல் நீக்கப்பட்டது. படைக்கலம் ஏந்துதலே ஐயத்திற்கு இடமான அக்காலத்தில், வளரியைப் பயிலவும் பயிற்றவும் வாழ்வில் இடமில்லாது போயிற்று. கலை தானே தேய்ந்ததன்று; அதனைத் தாங்கிய வாழ்க்கைமுறை அகற்றப்பட்டமையால் வீழ்ந்தது என்பதே எம் துணிபு.

சிலம்பம் எஞ்சியமை

சிலம்பம் எஞ்சியதற்குக் காரணம் அதன் எளிமையே எனலாம். கம்பு உழவன் வீட்டிலும் உளது. ஆயன் கையிலும் உளது. அதனைச் சட்டம் முற்றும் விலக்குதல் அரிது. மேலும், அக்கலை ஒரு குலத்தார்க்கே உரியதாய் நில்லாது, பல குடியினரும் பயில்வதாய், ஊர்த் திருவிழாக்களில் ஆடப்பெறுவதாய் அமைந்தது. காவலை இழந்தபின்னும் விழா அதற்குப் புகலிடம் தந்தது.

இன்று விளையாட்டு அரங்கு மற்றொரு புகலிடம் ஆகியுள்ளது. 2024 சனவரியில் தமிழகத்தில் நிகழ்ந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. இது மகிழ்தற்குரியது. எனினும், புள்ளி பெறும் கூறுகள் மட்டுமே பயிலப்பட்டு, ஏனையவை கைவிடப்படுதல் கூடும்.

சீனத்தின் படிப்பினை

இவ்வச்சம் நமக்கு மட்டும் உரியதன்று. சீன நாட்டில் 1910இல் சாங்காய் நகரில் தோன்றிய சிங்வூ கழகமும், 1928இல் நான்கிங்கில் அமைந்த நடுவண் நிறுவனமும் மரபுப் போர்க்கலைகளைப் பொதுப்பள்ளிக் கல்வியாக்க முயன்றன. 1950களில் அரசு அவற்றைப் போட்டிக்குரிய வரையறுத்த வடிவங்களாக்கியது. 1990இல் பீக்கிங் ஆசிய விளையாட்டுகளில் அக்கலை இடம்பெற்றது. உலகெங்கும் பரவல் என்னும் பயன் கிட்டியது உண்மை. ஆயின் அழகுறு அசைவு மிகுந்து, போர்நுட்பம் குன்றியது என்னும் குறையும் உடன் எழுந்தது. ஆயினும், கற்பிக்கும் முறைகளை நூல்வடிவில் அச்சிட்டு வைத்தமையால், இழந்ததை மீளத் தேடுவார்க்கு அங்கு ஒரு வழியேனும் உண்டு. நம் சிலம்பத்திற்கோ பெரிதும் ஆசான்களின் நினைவே ஏடு.

முடிவுரை

ஆகவே, சிலம்பத்தின் வருங்காலம் விளையாட்டுத் துறையினரிடம் மட்டும் இல்லை, தமிழ்த்துறைகளிடமும் உளது. சுவடு, வீச்சு, குத்து, பூட்டு முதலாக ஆசான்கள் வழங்கும் சொற்கள், கம்பினைத் தேர்ந்து பதப்படுத்தும் முறை, வணக்கம் முதல் மாணவர் பயிலும் வரிசை ஆகியவற்றை ஊர்தோறும் சென்று தொகுத்தல் வேண்டும். கம்பம், கூடலூர், உத்தமபாளையம், சின்னமனூர், போடிநாயக்கனூர் ஆகிய ஊர்களிடையே வழங்கும் வேறுபாடுகளை ஒன்றாக்காது, உள்ளவாறே பதிதல் முறையாகும். முதுகலை மாணவர் ஒருவர் ஓர் ஆசானிடம் ஓராண்டு அமர்ந்து எழுதினும் அஃது ஒரு நூலாகும். அந்தவன் கல்லில் விடுபட்டதை நாம் தாளிலேனும் எழுதி வைப்போமாக.