பண்ணைப் பள்ளி (பெரம்பலூர், அரியலூர்)

பண்ணைப் பள்ளி என்பது விதைப்பு முதல் அறுவடை வரை உழவர்கள் ஒரு வயலில் கூடி, பார்த்தும் செய்தும் கற்கும் பயிற்சி முறை. அறிந்த தொழில்நுட்பத்தைத் தம் நிலத்தில் செயல்படுத்தி, முடிவெடுக்கும் திறனை வளர்த்துக்கொள்வது இதன் நோக்கம். தமிழ்நாட்டில் அட்மா (வேளாண் தொழில்நுட்ப மேலாண்மை முகமை) திட்டத்தின்கீழ் வேளாண்மைத் துறை இதை நடத்துகிறது. வழக்கமாக 25 உழவர்களுக்குப் பயிரின் பருவங்களை ஒட்டி 6 வகுப்புகள் நடைபெறும்.

தோற்றம்

இந்தோனேசியாவில் பூச்சிக்கொல்லியை மிகுதியாகத் தெளித்ததால் நன்மை செய்யும் பூச்சிகள் அழிந்து, நெல்லில் புகையான் பெருகியது. அதை எதிர்கொள்ள, ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் துணையுடன் 1989-இல் அங்கு உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. இந்தியாவில் செய்து கற்கும் வேளாண் பயிற்சிக்கு 1974-இல் புதுச்சேரியில் அமைந்த முதல் வேளாண் அறிவியல் நிலையம் அடித்தளமிட்டது. இன்று பெரம்பலூர் மாவட்டத்தில் வாலிகண்டபுரத்திலும் அரியலூர் மாவட்டத்தில் சோழமாதேவியிலும் இத்தகைய நிலையங்கள் உள்ளன. இவை பயிற்சி அளிப்பதுடன், உழவர் வயல்களிலேயே செயல்விளக்கத் திடல்களும் அமைக்கின்றன.

செயல்முறை

மாநிலத்தில் மக்காச்சோளம் அதிகம் விளையும் மாவட்டங்களுள் பெரம்பலூர் ஒன்று. 2018-இல் இந்தியாவுக்குள் நுழைந்த அமெரிக்கப் படைப்புழு இப்பயிரைக் கடுமையாகத் தாக்கியது. கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்புண்ணாக்கு இடுதல், விதை நேர்த்தி, வரப்போரம் பயறு விதைத்தல், இனக்கவர்ச்சிப் பொறி வைத்தல் ஆகியவை பரிந்துரைக்கப்பட்டன. புழு குருத்துக்குள் புகுந்து தின்பதால், மருந்து குருத்தில் இறங்கும்படி தெளிக்க வேண்டும். வயல்வழிக் கற்றலில் உழவர்கள் சில செடிகளைத் தேர்ந்தெடுத்து, புழுக்களையும் அவற்றை உண்ணும் பூச்சிகளையும் எண்ணுகின்றனர். தெளிக்கலாமா, பொறுக்கலாமா என்று கலந்து பேசி முடிவு செய்கின்றனர்.

தடைகள்

தெரிந்தும் செய்யாமைக்குச் சோம்பலை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. மானாவாரி நிலத்தில் மழை வந்ததும் விதைக்கும் அவசரத்தில் விதை நேர்த்தி விடுபடுகிறது. இடுபொருள் வாங்க வேண்டிய நேரத்தில் கையில் பணம் இருப்பதில்லை; ஆள் பற்றாக்குறையும் சேர்ந்துகொள்கிறது. படைப்புழுவின் அந்துப்பூச்சி வரப்பு தாண்டிப் பறப்பதால் ஒருவர் மட்டும் கட்டுப்படுத்துவதன் பயன் குறைவு. எனவே பட்டத்துக்கு முன்பே இடுபொருளைத் தயார் செய்வதும், ஊராக ஒரே காலத்தில் விதைப்பதும் வலியுறுத்தப்படுகின்றன.

மதிப்பீடு

வருகைப் பதிவேடு பயிற்சி நடந்ததை மட்டுமே காட்டும். அடுத்த பட்டத்தில், யாரும் நினைவூட்டாமல் எத்தனை பேர் விதை நேர்த்தி செய்து விதைக்கிறார்கள் என்பதே பண்ணைப் பள்ளியின் வெற்றிக்கு உரிய அளவுகோல்.