கிணற்றிற் பங்கு

யாழ்ப்பாணத்துப் பழைய காணி உறுதிகளை வாசித்துப் பழகியவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பர். நிலத்தின் பரப்பையும் நாற்புற எல்லைகளையும் சொல்லி முடித்த பின்னர், கிணற்றிற் பங்கும் வழி வாய்க்காற் பங்கும் என்றொரு தொடர் வரும். அரைப்பங்கு, காற்பங்கு, தலைமுறை தலைமுறையாகச் சீதனம் கொடுத்துச் சிதறியதில் பதினாறிலொன்று என்றெல்லாம் அது குறுகிச் செல்லும். நிலத்துக்கு வேலி போடலாம். கிணற்றுக்கு வேலி போட முடியாது. ஆகவே கிணற்றைப் பிரிக்காமல் அதன் நேரத்தைப் பிரித்தார்கள். இன்ன நாள் காலை ஒருவருக்கு, மாலை மற்றவருக்கு. இதற்கு 'முறை' என்று பெயர். முறை தவறி இறைப்பது களவுக்குச் சமம்.

குடாநாட்டின் இயற்கை அமைப்பு இந்த ஒழுங்கைக் கட்டாயமாக்கியது எனலாம். வற்றாத ஆறு எதுவும் இங்கில்லை. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும். பெரும்பாலான மழை ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்து தீர்ந்துவிடுகிறது. அந்த மழை சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளில் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நீரியலாளர் கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழிருந்து உவர் 40 அடி ஏறிவிடும். முன்னோர் இக்கணக்கைப் படித்தவர்களல்லர். ஆனால் மாரிநீரைத் தேக்கி நிலத்துள் இறக்குவதற்கு ஆயிரத்தையொட்டிய குளங்களை வைத்திருந்தார்கள். கோடையில் கிணறு 'கயர்க்கத்' தொடங்கினால் இறைப்பைக் குறைக்கவும் தெரிந்திருந்தார்கள்.

துலாவும் இதற்குத் துணை நின்றது. துலா மிதிக்க ஒருவர் அல்லது இருவர், பட்டை பிடிக்க ஒருவர், தோட்டத்தில் தண்ணீர் கட்ட இன்னொருவர். தனியொருவரால் இறைக்க இயலாது. இன்று நீ எனக்கு மிதித்தால் நாளை நான் உனக்கு மிதிக்க வேண்டும். மனித உடல் களைத்துப் போவதால் கிணறும் இளைப்பாறியது. நிலத்தடி நீருக்கு அக்காலத்தில் இருந்த மிகச் சிறந்த காவல் இந்தக் களைப்புத்தான்.

ஒல்லாந்தர் காலத்தில், யாழ்ப்பாணத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் இந்நாட்டு வழக்கங்களைத் தொகுத்தார். 12 முதலியார்கள் பார்வையிட்டு ஒப்பிய பின் 1707 இல் அது தேசவழமையாக நிலைபெற்றது. ஆங்கிலேயர் 1806 இல் அதற்குச் சட்ட வலு அளித்தனர். (அதே 1806 இல்தான் கொழும்பு மாகாண முஸ்லிம்களுக்கான சட்டக்கோவையும் வெளிவந்தது.) தேசவழமையின்படி ஒருவர் தம் பங்கை விற்க விரும்பினால், வெளியாருக்குக் கொடுக்குமுன் பங்காளிகளுக்கும் அயற்காணிக்காரருக்கும் அறிவிக்க வேண்டியிருந்தது. நம் பிக்ஹு நூல்களில் 'ஷுப்ஆ' எனப் பேசப்படுவதும் இதுவே. பிரிக்கப்படாத சொத்தின் பங்காளிக்கு மட்டுமே ஷாபிஈ மத்ஹபு இவ்வுரிமையை வழங்குகிறது. ஹனபி மத்ஹபோ ஒரே நீர்பாய்ச்சும் உரிமையிற் பங்குள்ளவரையும் அயலவரையும் சேர்த்துக்கொள்கிறது. யாழ்ப்பாணத்தார் இவ்விடயத்தில் ஹனபிகளாக இருந்திருக்கிறார்கள் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். முறைவைத்து நீர் அள்ளுவதும் நமக்குப் புதிதன்று. மதீனாவில் ரூமா கிணற்றின் பாதியை உத்மான் (ரலி) அவர்கள் வாங்கி, ஒருநாள் விட்டு ஒருநாள் என்று முறை வகுத்து, தம் நாளில் மக்களை இலவசமாக அள்ளவிட்டார்கள். மக்கள் இரண்டு நாளைக்குரியதையும் அந்த ஒரு நாளிலேயே அள்ளிக்கொள்ள, மறுபாதியும் விற்பனைக்கு வந்து கிணறு முழுவதும் பொதுவாயிற்று என்ற செய்தி பலரும் அறிந்ததே.

இவ்வளவும் சொல்லிவிட்டு, பங்காளி யார் என்று கேளாமல் விடுவது நேர்மையாகாது. கிணற்றிற் பங்கு என்பது காணியுள்ளவரின் பங்கு. காணியற்றவர், சாதியால் ஒடுக்கப்பட்டவர் கிணற்றுக்கட்டை அணுகக்கூட முடியாமல், யாராவது வார்க்கும்வரை குடத்துடன் காத்து நின்றனர். கே. டானியல் தமது நாவலொன்றுக்குத் 'தண்ணீர்' என்றே பெயர் வைத்தார்.

சோனகரின் கதையும் கிணற்றிலிருந்தே தொடங்குகிறது. ஒல்லாந்தர் காலத்தில் மாதகல் மயில்வாகனப் புலவர் எழுதிய 'யாழ்ப்பாண வைபவமாலை', நல்லூர்ப் பக்கத்தில் குடியிருந்த சோனகரை எழுப்புவதற்கு அவர்களுடைய கிணறுகளில் பன்றி இறைச்சியை இட்டதாகவும், அதன்பின் அவர்கள் அவ்விடத்தை விட்டு நாவாந்துறையை அண்டிய கரையோரத்துக்குப் பெயர்ந்ததாகவும் கூறுகிறது. இது நடந்த சம்பவமா, கர்ணபரம்பரைக் கதையா என்பது ஒருபுறமிருக்கட்டும். எழுதியவர் சோனகரல்லர் என்பது கவனிக்கத்தக்கது. ஒரு சமூகத்தைக் கிளப்புவதற்கு வாளோ நெருப்போ தேவையில்லை, கிணறு போதும் என்பதை அக்கால யாழ்ப்பாணம் அறிந்திருந்தது. போய்ச் சேர்ந்த இடத்தின் தன்மையும் நோக்கற்பாலது. கடலை நெருங்க நெருங்க நன்னீர் வில்லை மெலிகிறது.

பங்கு முறையின் தளர்ச்சி வேறொரு திசையிலிருந்து வந்தது. 1950களுக்குப் பின் மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரம் தோட்டங்களுக்குள் புகுந்தது. 1970களில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட, யாழ்ப்பாணத்து மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் பொற்காலம் பிறந்தது. அந்த வருமானத்தில் படித்து உயர்ந்தவர்கள் பலர். அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் இயந்திரம் களைப்பதில்லை. அதற்கு இணைக்கு ஆளும் வேண்டியதில்லை. நாலு பேர் செய்த வேலையை ஒருவர் கயிற்றை இழுத்துத் தொடக்கிவைத்துவிட்டு வேப்பமர நிழலில் இருந்து பார்த்துக்கொண்டார். உறுதியில் பங்கு இருந்தது. பங்காளியின் முகம் மறைந்தது. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கட்டப்பட்ட தடுப்பணைகளும், எஸ். ஆறுமுகம் 1954 இல் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டமும் கடனீரேரிகளை நன்னீராக்கக் கனவு கண்டன. கனவு முழுமை பெறவில்லை.

1990 ஒக்டோபர் 30 இல், விடுதலைப் புலிகள் அளித்த இரண்டு மணிநேர அவகாசத்தில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டனர். அந்த மாதத்தில் வடமாகாணத்திலிருந்து துரத்தப்பட்டோர் 70,000க்கு மேற்பட்டோர். பெரும்பாலானோர் போய்ச் சேர்ந்த புத்தளம், கற்பிட்டிப் பகுதியிலும் நன்னீர் மணலுக்கடியில் மெல்லிய வில்லைதான். அங்கிருந்த மக்கள் தம் கிணறுகளைத் திறந்துவிட்டார்கள். எந்த உறுதியிலும் எழுதப்படாத பங்கு அது. ஆண்டுகள் நீள நீள, வரிசையில் குடங்களின் எண்ணிக்கை பெருகியபோது சச்சரவுகளும் எழுந்தன. அதையும் மறைக்க வேண்டியதில்லை.

யாழ் நகரத்துக்குக் குழாய்நீர் கோண்டாவில், திருநெல்வேலிப் பக்கத்துக் கிணறுகளிலிருந்து வந்தது. அவை தோட்ட நிலங்கள். அங்கு இடப்படும் யூரியாவும், நெருக்கமாகப் பெருகிய மலகூடக் குழிகளின் கழிவும் நைத்திரேற்றாக நீரில் இறங்குகின்றன. பல கிணறுகளில் அதன் அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவன எல்லையைத் தாண்டியுள்ளதை ஆய்வுகள் காட்டியுள்ளன. தோட்டக்காரரின் பசளைக்கும் சோனகத் தெருவில் பாற்போத்தல் கலக்கும் தாய்க்கும் இடையில் உறவொன்று இருக்கிறது. அது எந்த உறுதியிலும் பதியப்படவில்லை.

சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது இது இன்னும் வெளிச்சமாயிற்று. மின்னுற்பத்தி நிலையத்தின் கழிவெண்ணெய் பற்றிய வழக்கை 2015 இல் உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றவர் ரவீந்திர குணவர்தன காரியவசம் என்ற சிங்களச் சூழலியலாளர். அவருக்குச் சுன்னாகக் கிணறு எதிலும் பதினாறிலொரு பங்குகூடக் கிடையாது. 2019 ஏப்ரலில் வந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே செலவேற்க வேண்டும் என்ற விதியின்படி நொதேர்ண் பவர் நிறுவனத்தை 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தப் பணித்தது. மறுபுறம், இரணைமடு நீரைக் குடாநாட்டுக்குக் கொண்டுவரும் திட்டத்தைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தபோது, அவர்களை விட்டுக்கொடாதவர்கள் என்று இங்கே பலர் ஏசினர். முறை கேளாமல் இறைப்பதை எந்த யாழ்ப்பாணத்தார் பொறுத்திருக்கிறார்? தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்ட்டில் திறக்கப்பட்டது. கடல்நீருக்கு முறை தேவையில்லை, மின்கட்டணம் தேவை.

2009க்குப் பின் சோனகத் தெருவுக்குத் திரும்பியோர் முதலிற் செய்த வேலைகளுள் ஒன்று கிணறு இறைப்பது. இடிபாடுகளும் மரவேர்களும் நிறைந்த கிணறுகள். பல, இரு வளவுகளுக்கு நடுவே எல்லையில் அமைந்தவை. அவற்றின் பங்காளிகளுள் ஒருவர் புத்தளத்தில், ஒருவர் கொழும்பில், மற்றவர் இலண்டனில். காலஞ்சென்றவரின் பங்கு பராயிள் முறைப்படி பிள்ளைகளுக்குப் பிரிந்து இன்னும் நுணுகிவிட்டது. வாடகைக்கு எடுத்த இயந்திரம் கிணற்றுக்கட்டில் ஓடிக்கொண்டிருக்க, கூலியை யார் எவ்வளவு கொடுப்பது என்று தொலைபேசியில் கணக்குப் பேசினார்கள்.