ஸ்கேன் ஊசியும் பொன்முடிப் பாறையும்

எம்.ஆர்.ஐ. எடுக்கப் போகிறவரிடம் ஸ்கேன் மையத்தில் முதலில் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, "கிரியேட்டினின் ரிப்போர்ட் கொண்டு வந்திருக்கீங்களா?" என்பது. 'டை போட்டு எடுக்கவும்' என்று மருத்துவர் எழுதியிருந்தால் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். கையில் வென்ஃப்ளான் குத்தி, காந்தக் குழாய்க்குள் படுக்க வைத்து, முதல் சுற்றுப் படங்கள் முடிந்ததும் நிறமற்ற ஒரு திரவத்தை ஏற்றுவார்கள். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு வழக்கமான அளவு 12 மில்லி. அந்த 12 மில்லிக்குள் ஏறக்குறைய ஒரு கிராம் காடோலினியம் இருக்கிறது. உடலில் எந்த வேலையும் இல்லாத அருமண் உலோகம் ஒன்று, ஒரே ஊசியில் ஒரு கிராம் அளவுக்கு உள்ளே போகிறது என்பதைப் படுத்திருப்பவர்களில் பலர் அறிவதில்லை.

அந்த உலோகத்தைத் தேர்ந்ததற்கு வலுவான காரணம் உண்டு. காடோலினியம் அயனியில் இணை சேராத எலெக்ட்ரான்கள் ஏழு. அருகில் வரும் நீர் மூலக்கூறுகளின் ஹைட்ரஜன் கருக்களை இந்த ஏழும் சேர்ந்து விரைவில் பழைய நிலைக்குத் திருப்புகின்றன. அதனால் மருந்து சேர்ந்த இடம் படத்தில் வெளுத்துத் தெரிகிறது. மூளைக் கட்டியின் விளிம்பைத் துல்லியமாகக் காண அறுவை மருத்துவருக்கு இதைவிட நல்ல துணை கிடையாது. ஆனால் அந்த அயனியின் ஆரம் 0.94 ஆங்ஸ்ட்ராம், கால்சியம் அயனியின் ஆரம் 1.00. அளவில் இவ்வளவு நெருக்கம் இருப்பதால், நரம்பிலும் தசையிலும் கால்சியம் நுழைய வேண்டிய வாயில்களில் காடோலினியம் போய் அடைத்துக்கொள்கிறது. தனி அயனியாக விட்டால் நஞ்சு. எனவே கரிம மூலக்கூறு ஒன்றின் பிடிக்குள் அதைப் பூட்டித்தான் ஊசியாக்கினார்கள். அமெரிக்காவில் இப்படி முதலில் ஒப்புதல் பெற்ற மருந்து மாக்னெவிஸ்ட், ஆண்டு 1988.

பூட்டு எல்லாருடைய உடலிலும் ஒரேபோல் தாங்கவில்லை. சிறுநீரகம் பழுதானவர்களுக்குத் தோல் தடித்து இறுகி, மூட்டுகள் மடங்காமல் போகும் ஒரு புதிய நோயை 1990களின் இறுதியில் அமெரிக்காவில் கண்டார்கள். அதற்கும் காடோலினிய ஊசிக்கும் உள்ள தொடர்பு 2006இல் வெளிப்பட்டது. மருந்து வெளியேறாமல் நாள்கணக்கில் தங்கும் உடலில் பூட்டு தளர்கிறது. சிறுநீரகம் நலமாக உள்ளவர்களின் மூளையிலும் சிறிதளவு காடோலினியம் தங்குவதாக 2014 முதல் ஆய்வுகள் வந்தன. பிடி தளர்வான நேர்கோட்டு வகை மருந்துகள் பலவற்றை ஐரோப்பா 2017இல் நிறுத்திவைத்தது. சிறுநீரக நலத்தைக் காட்டும் கிரியேட்டினின் பற்றிய கேள்வியின் பின்னணி இதுதான்.

இந்தப் பின்னணியோடுதான் நானோ துகள்களைப் பற்றிப் பேச வேண்டும். ஒரே நோயாளிக்கு இரண்டு மூன்று வகைப் படங்களை இணைத்துப் பார்ப்பது இன்றைய மருத்துவத்தின் வழக்கம். கதிரியக்க மருந்தைப் பின்தொடரும் பெட் கருவியையும் சி.டி. கருவியையும் ஒன்றாக்கிய முதல் மாதிரியை டேவிட் டவுன்செண்டும் ரான் நட்டும் உருவாக்க, அது 1998இல் பிட்ஸ்பர்க்கில் இயங்கத் தொடங்கியது. ஒவ்வொரு முறைக்கும் ஒரு பலம் இருக்கிறது. பெட் போன்ற அணுக்கரு ஸ்கேன் மிகச் சிறிய அளவு மருந்தையும் கண்டுபிடித்துவிடும்; ஆனால் அதன் படம் மங்கல். எம்.ஆர்.ஐ. உறுப்பின் உருவத்தை மில்லிமீட்டருக்கும் குறைவான நுணுக்கத்தில் காட்டும். ஆனால் மருந்து நிறைய வேண்டும். அகச்சிவப்பு ஒளியில் மின்னும் சாயம் அறுவை மேசையில் கண்முன்னே வழிகாட்டும். ஆனால் ஆழத்தில் உள்ளது தெரியாது. கருவிகள் ஒன்றாகிவிட்டன, மருந்துகள் தனித்தனியாகவே இருந்தன. மூன்றுக்கும் பொதுவாக ஒரே துகளைச் செய்தால் என்ன என்ற கேள்வி அங்கிருந்து பிறந்தது.

கேட்பதற்கு எளிது. அணுக்கரு ஸ்கேனுக்கு வேண்டிய மருந்தைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு, சில வேளை லட்சம் மடங்குக்கும் மேல், எம்.ஆர்.ஐ.க்கு வேண்டும். ஒரே மூலக்கூறில் இரண்டையும் ஒட்டிவிட்டால் ஒன்று போதாமல் போகும், அல்லது மற்றொன்று மிகையாகிவிடும். நானோ துகள் இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. ஒரு துகளுக்குள் ஆயிரக்கணக்கான காடோலினிய அணுக்களை அடைக்கலாம். கதிரியக்க அணுவோ பல துகள்களுக்கு ஒன்று இருந்தாலே போதும்.

கொச்சியில் அமிர்தா நானோ அறிவியல் மையத்தில் மன்சூர் கோயாக்குட்டியின் குழு இதற்குத் தேர்ந்த பொருள், எலும்பின் தாதுவான கால்சியம் பாஸ்பேட். 2010இல் வந்த முதல் ஆய்வில் ஹைட்ராக்ஸிஅபடைட் நுண்படிகங்களில் யூரோப்பியமும் காடோலினியமும் சேர்த்து, மேலே ஃபோலிக் அமிலத்தை இணைத்தார்கள். பல புற்றுநோய் செல்களின் பரப்பில் ஃபோலேட் ஏற்பிகள் மிகுதி என்பதால் துகள் அவற்றைத் தேடிப் பற்றும். ஒளிர்வு, எம்.ஆர்.ஐ., எக்ஸ்ரே மூன்றிலும் அது தெரிந்தது. 2013இல் வெளிவந்த அடுத்த ஆய்வுதான் என்னை மிகவும் ஈர்த்தது. காடோலினியத்தோடு இண்டோசயனின் கிரீன் என்ற சாயத்தையும், டெக்னீசியம்-99எம் சேர்ந்த எம்.டி.பி. என்ற மருந்தையும் அதே கால்சியம் பாஸ்பேட்டில் ஏற்றி, விலங்குகளில் அணுக்கரு, காந்த, அகச்சிவப்புப் படங்களை எடுத்தார்கள்.

எம்.டி.பி. யார் என்று பார்த்தால் இந்தத் தேர்வின் அழகு புரியும். 'போன் ஸ்கேன்' எடுக்க அணுக்கரு மருத்துவப் பிரிவுகளில் அன்றாடம் போடும் ஊசி அது. எலும்புத் தாதுவைக் கண்டால் ஒட்டிக்கொள்வது அதன் இயல்பு. துகளே எலும்புத் தாது என்பதால் துகளிலும் ஒட்டிக்கொண்டது. புதிதாக ஒரு பசை தேட வேண்டியிருக்கவில்லை. 1959இல் ஒப்புதல் பெற்று, கல்லீரலிலும் கண்ணிலும் பயன்பட்டுவரும் இண்டோசயனின் கிரீனை ரத்தத்தில் தனியாக விட்டால் சில நிமிடங்களில் பாதி போய்விடும். துகளுக்குள் அதற்கும் இருப்பிடம் கிடைத்தது. காடோலினியமோ கால்சியத்தின் இடத்திலேயே போய் உட்கார்ந்தது. எந்த ஒப்புமையால் அது நஞ்சாகிறதோ, அதே ஒப்புமையால் படிகத்துக்குள் அதற்கு இடம் கிடைக்கிறது. இந்தத் துறையில் நான் படித்தவற்றுள் இவ்வளவு சிக்கனமான சிந்தனை அரிது.

பாஸ்பேட் காடோலினியத்தை இறுகப் பிடிக்கும் என்பதற்குச் சான்று திருவனந்தபுரத்துக்காரர்களின் காலடியிலேயே கிடக்கிறது. நெடுமங்காடு, விதுரை, கல்லாறு தாண்டி இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகளில் பொன்முடிக்கு ஏறும் வழியெங்கும் உள்ளவை கேரள கொண்டலைட் பட்டையின் பாறைகள். பொன்முடியின் கல்குவாரி புவியியலாளர்களிடையே உலகப் புகழ் பெற்றது. செந்நிறக் கார்னெட் புள்ளிகள் கொண்ட வெளிர் பாறைக்குள், சார்னோக்கைட் என்ற கரும்பச்சைப் பாறை திட்டுத்திட்டாக உருவாகிப் பாதியில் நின்றுபோனதை அங்கே கண்ணால் பார்க்கலாம். ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழத்தில் நடந்த மாற்றம் அது. இந்தப் பாறைகளில் மோனசைட் மணிகள் கலந்திருக்கின்றன. மோனசைட் என்பது அருமண் உலோகங்களின் பாஸ்பேட். பெரும்பகுதி சீரியம், லாந்தனம், நியோடிமியம், உடன் தோரியம், சிறிதளவு காடோலினியம். பாறை சிதைந்தாலும் மோனசைட் கரைவதில்லை. ஆறுகள் கடலுக்கு அடித்துச் சென்று, அலைகள் சலித்துக் குவித்த அந்த மணிகளைத்தான் 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் திருவிதாங்கூர்க் கடற்கரையில் அடையாளம் கண்டார். மணவாளக்குறிச்சியும் சவறாவும் பெயர்பெற்றது அதனால்தான். அந்த மணலைப் பிரிக்கும் ஆலை ஆலுவாயில் 1952இல் தொடங்கியது. தோரியம் சிதைந்து உண்டாகும் ஈயத்தைக்கூட கோடிக்கணக்கான ஆண்டுகள் கைவிடாமல் வைத்திருப்பதால், பாறையின் வயதை அளக்கவே மோனசைட் பயன்படுகிறது.

இவ்வளவு உறுதியான பிடி என்பதால் துகளும் பாதுகாப்பானது என்று முடிவுகட்டிவிட முடியாது. தோல் இறுகிய நோயாளிகளின் திசுவை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, அங்கே படிந்திருந்த காடோலினியத்தோடு கால்சியமும் பாஸ்பரஸும் இருந்தன. பூட்டிலிருந்து நழுவிய அயனியை உடலின் பாஸ்பேட்டே பிடித்துக் கரையாத படிவாக்கியிருந்தது. பாஸ்பேட்டின் பிடி அயனியைக் கட்டிவைக்கும். உடலை விட்டு வெளியேற்றாது.

வெளியேறும் வழியில்தான் நானோ துகள்களின் பெரும் சிக்கல் இருக்கிறது. 2007இல் வந்த அளவீட்டின்படி, ஏறக்குறைய 5.5 நானோமீட்டருக்கு உட்பட்ட துகள்களைத்தான் சிறுநீரகம் வடித்து அனுப்புகிறது. அதைவிடப் பெரியவை, கல்லீரலில் அந்நியத் துகள்களை விழுங்கும் குப்ஃபர் செல்களில் போய்ச் சேரும். இரும்பு ஆக்சைடு துகள்கள் இதையே வாய்ப்பாக்கிக்கொண்டன: நலமான கல்லீரல் துகளை விழுங்கிக் கறுக்கும், குப்ஃபர் செல்கள் இல்லாத கட்டி வெளுப்பாகவே நிற்கும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா திருநாள் நிறுவனத்தில் ஆர்.எஸ். ஜெயஸ்ரீயின் குழு டெக்ஸ்ட்ரானும் சிட்ரேட்டும் பூசிய இரும்பு ஆக்சைடைக் கொண்டு கல்லீரல் நார்த்தடிப்பை எம்.ஆர்.ஐ.யில் காட்டிய ஆய்வுகள் 2014இல் வெளிவந்தன. இரும்புக்கு உடலில் கணக்கு உண்டு. செல் அதைச் சிதைத்து ரத்தச் சிவப்பணுவுக்குக் கொடுத்துவிடும். காடோலினியத்துக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை. குப்ஃபர் செல்லின் அமிலப் பைகளில் கால்சியம் பாஸ்பேட் கரைந்துவிடும். காடோலினிய பாஸ்பேட் அந்த அமிலத்துக்கு எளிதில் மசியாது. கரைந்தால் அயனி, கரையாவிட்டால் படிவு.

காடோலினியம் கடைசியில் என்ன ஆகிறது என்ற கேள்வியை இணைப்புப் படங்கள் மறைத்துவிடக் கூடும் என்பதே என் கவலை. டெக்னீசியம்-99எம் அணுவின் அரை ஆயுள் 6 மணி நேரம். ஒரு நாளைக்குத் துகள் எங்கெங்கே போனது என்று அது சொல்லும். ஒரு மாதம் கழித்துக் கேட்டால் பதில் இராது. அந்த ஒரு நாளிலும், பெட்டியிலிருந்து கழன்று விழுந்த முகவரிச் சீட்டைப் போல எம்.டி.பி. துகளை விட்டுப் பிரிந்திருந்தால், நாம் பின்தொடர்வது சீட்டைத்தான். பிரிந்த எம்.டி.பி. நேரே எலும்புக்குப் போகும். எலும்பில் ஒளி தெரிந்தால் துகள் போய்ச் சேர்ந்ததா, வெறும் ஊசி மருந்து போய்ச் சேர்ந்ததா என்று படத்தை வைத்து மட்டும் சொல்ல இயலாது.

ஆகவே படத்துக்கு வெளியே அளக்க வேண்டும். லேசரால் திசுவைப் புள்ளி புள்ளியாகச் சுரண்டி, எழும் ஆவியை நிறைமாலைமானியில் அனுப்பினால் காடோலினியம் எங்கே எவ்வளவு என்று வரைபடமே கிடைக்கும். மோனசைட் மணிகளை ஆராயப் புவியியலாளர்கள் பயன்படுத்தும் அதே முறை இது. பொன்முடி அடிவாரத்தில் விதுரையில் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தின் வேதியியலாளர்கள் இருக்கிறார்கள். நகரில் ஆக்குளத்தில் தேசிய புவி அறிவியல் ஆய்வு மையம் இருக்கிறது. பூஜப்புரையில் ஸ்ரீ சித்ராவின் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது. துகள் செய்பவர், பாறை அளப்பவர், விலங்குகளில் சோதிப்பவர் என மூவகை அறிவும் ஒரே மாவட்டத்தில் கூடியிருப்பது எளிதில் வாய்ப்பதன்று. ஊசி போட்ட ஆறாம் மாதத்திலும் ஓராண்டு முடிவிலும் கல்லீரல், எலும்பு, தோல், மூளை ஆகியவற்றில் மிஞ்சிய காடோலினியத்தை, நலமான சிறுநீரகத்திலும் பழுதான சிறுநீரகத்திலும் தனித்தனியே அளந்து வெளியிடும் ஆய்வுக்குத்தான் முதல் நிதி போக வேண்டும். இன்னும் பளிச்சென்ற படம் தரும் அடுத்த துகளுக்கு அதன்பிறகு கொடுக்கலாம்.