கல்லும் பெயரும்

டில்லியில் தீன் மூர்த்தி என்னும் இடத்தைக் கேள்விப்படாதவர் அரியர். ஜவஹர்லால் நேரு 1964-இல் மறையும் வரை வாழ்ந்த மாளிகைக்கும் அப்பெயரே வழங்குகிறது. மூன்று சிலைகள் என்பது அதன் பொருள். அவை எவருடைய சிலைகள் என்று கேட்டால் விடை கூறுவோர் சிலரே. 1922-இல் நிறுவப்பெற்ற அவ்வுருவங்கள் ஹைதராபாத், மைசூர், ஜோத்பூர் ஆகிய மூன்று சமஸ்தானங்களின் குதிரைப்படையினரைக் குறிப்பன.

முதல் உலகப் போர் மூண்ட 1914-இலேயே அவ்வீரர்கள் எகிப்துக்குக் கடல் கடந்தனர். சூயஸ் கால்வாயைக் காத்தனர். பின்னர்ப் பாலஸ்தீனத்திலும் சிரியாவிலும் போரிட்டனர். 1918 செப்டம்பர் 23-ஆம் நாள் ஹைபா நகரை ஜோத்பூர், மைசூர் வீரர்கள் ஈட்டி ஏந்திப் பாய்ந்து கைப்பற்றினர். அவர்களோடு ஒரே படைப்பிரிவில் அடங்கியிருந்தது ஹைதராபாத் குதிரைப்படை.

அந்நியர் ஆட்சிக்காகப் போரிட்டோரை நாம் ஏன் நினைக்க வேண்டும் என்று வினவுவார் உளர். இதற்கு விடை நம் பழைய மரபிலேயே இருக்கிறது. வீழ்ந்த வீரனுக்குத் தக்க கல்லைக் கண்டு தேர்தல் முதல் அதனை நட்டு வாழ்த்துதல் வரை செய்யும் சடங்குகளைத் தொல்காப்பியம் முறைப்படுத்திக் கூறுகிறது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுக்கப்பெற்ற நடுகல் ஒன்று, ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டதென அறிஞர் பலர் கருதுவது. கூடலூர் ஆநிரைப் போரில் மாண்ட அந்தவன் என்பானின் கல் என்பதே அதன் செய்தி. அப்போர் நேரியதா, அவனை ஏவிய தலைவன் நல்லவனா என்று அக்கல் ஆராயவில்லை. மாண்டவன் பெயரையும் மாண்ட காரணத்தையும் மட்டும் காத்து நிற்கிறது. போரின் நியாயம் வேறு. உயிர் கொடுத்தவனுக்கு ஊரார் செலுத்தும் கடன் வேறு. தெலுங்கு நாட்டிலும் வீரகல்லு என்ற பெயரால் இவ்வழக்கம் உண்டு.

இச்செய்தி ஹைதராபாத்தில் வாழும் தமிழருக்கு அயலானதன்று. 1798-இல் நிஜாம் செய்துகொண்ட உடன்படிக்கையின் பயனாகச் சென்னைப் படைகள் இங்கு வந்து தங்கின. அவற்றின் பாசறையைச் சுற்றி வளர்ந்த ஊரே 1806-இல் செகந்திராபாத் எனப் பெயர் பெற்றது. படையாளராகவும் படைக்குப் பண்டம் வழங்கியோராகவும் அன்று வந்த தமிழரின் வழியினர் இன்றும் இந்நகரில் வாழ்கின்றனர்.

முதல் உலகப் போரில் மாண்ட இந்தியர் ஏறத்தாழ 74,000 பேர். செகந்திராபாத் அணிவகுப்பு மைதானத்து நினைவுச் சின்னத்தில் மலர்வளையம் வைப்பது அரசின் கடமை. பெயரைக் காப்பதோ வீட்டாரின் கடமை. உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய பதக்கம் ஒன்று கிடக்கலாம். பாட்டனார் எந்தப் படையில் இருந்தார், எங்குச் சென்றார் என்று முதியோர் அறிந்திருக்கலாம். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். பெயர் மறந்தபின் எஞ்சுவது கல்லே, நினைவு ஆகாது.