இலாபம் கருதா வேளாண் ஆராய்ச்சியும் அரசு நல்கையும்

அறிவுத் துறைகட்கு அரசு பொருளுதவி செய்தல் வேண்டும் என்பதை இன்று மறுப்பார் இலர். அப்பொருளை யார் கையில், எத்தகைய கட்டுப்பாட்டுடன் அளிப்பது என்பதே சிக்கலான வினா. உழவியல் ஆராய்ச்சியைப் பொறுத்தவரை இங்கிலாந்து இவ்வினாவிற்கு 1909ஆம் ஆண்டில் ஒரு விடை கண்டது. அவ்வாண்டு இயற்றப்பெற்ற வளர்ச்சி, சாலைச் சீரமைப்பு நிதிச் சட்டம், அரசுக்கு உரியனவல்லாத நிறுவனங்கட்கும், அவை இலாபம் கருதி வாணிகம் செய்யாதனவாயின், பொதுப்பணத்தை வழங்கலாம் என விதித்தது. அவ்விதியால் விளைந்தது யாது என்பதை, ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தின் வரலாற்றை முதன்மையாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழாய்வு இதழில் ஆங்கில நாட்டுக் கோதுமை வயலுக்கு என்ன இடம் என்று வினவுவார் சிலர் இருத்தல் கூடும். கொடை பற்றிய சொற்களைக் கல்வெட்டுகளில் பயின்றார்க்கு இவ்வரலாறு அத்துணை அயலானதன்று. சோழர் காலத்தில் கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிக்க விரும்பியவன் நெய்யை நாள்தோறும் கொண்டுவந்து தரவில்லை, ஆடுகளை விட்டான். பெரும்பாலும் 96 என்னும் எண்ணிக்கையில் விடப்பெற்ற அவ்வாடுகளைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்வெட்டுகள் குறிக்கின்றன. இறப்பதும் மூப்பதும் ஆட்டிற்கு உண்டு, எண்ணிக்கைக்கு இல்லை. பொன்னை ஊர்ச்சபையிடம் வைத்து அதன் பொலிசையை மட்டும் செலவிடும் முறையும் இத்தகையதே. முதல் அழியாமல் பயன் மட்டும் துய்க்கப்பெறும் இக்கொடையை ஈண்டுக் கட்டளை என்றும், அரசு ஆண்டுதோறும் தன் வரவு செலவு நோக்கி வழங்குவதை நல்கை என்றும் வழங்குவோம். கட்டளைக்கும் நல்கைக்கும் உள்ள வேறுபாடே இவ்வரலாற்றின் உயிர்நிலை.

ராதம்ஸ்டெட் என்பது இலண்டனுக்கு வடக்கே ஹார்ட்போர்டுஷயரில் ஹார்ப்பெண்டன் என்னும் ஊரையடுத்த ஒரு பண்ணை. அதன் உரிமையாளரான ஜான் பென்னட் லாஸ், எலும்பு முதலியவற்றைக் கந்தக அமிலத்தால் பதப்படுத்திச் சூப்பர் பாஸ்பேட் உரம் செய்யும் முறைக்கு 1842இல் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டு இலண்டனை அடுத்த டெட்போர்டில் தொழிற்சாலை நிறுவினார். அதே 1843ஆம் ஆண்டில், ஜெர்மனியில் லீபிக்கிடம் வேதியியல் பயின்ற ஜோசப் ஹென்றி கில்பர்ட்டைத் துணையாகக் கொண்டு, பிராட்பாக் என்னும் வயலில் கோதுமை விதைத்து ஆய்வைத் தொடங்கினார்.

உர வாணிகர் ஒருவர் தம் உரத்தின் பெருமையை நிறுவவே வயலாய்வு தொடங்கினார் என்று ஐயுறுதல் இயல்பு. வயலின் அமைப்பே அவ்வையத்திற்கு விடை கூறுகிறது. ஒரு கூற்றிற்கு ஆண்டுதோறும் ஏக்கருக்கு 14 டன் தொழுவுரம் இடப்பட்டது. சில கூறுகட்கு மணிச்சத்தும் சாம்பற்சத்தும் மட்டும். வேறு சிலவற்றிற்கு அவற்றுடன் தழைச்சத்தும். ஒரு கூற்றிற்கு எவ்வுரமும் இடப்படவில்லை. உரம் விற்றுப் பொருளீட்டியவர் உரமே காணாத மண்ணில் கோதுமை எவ்வளவு விளையும் என்பதை ஆண்டுதோறும் அளந்து எழுதிவைத்தார் என்பது கருதத்தக்கது. தொழுவுரக் கூறு செயற்கை உரம் பெற்ற கூறுகட்கு இணையாக விளைந்ததையும் அவர் மறைத்தாரல்லர். மண்ணில் கனிமச் சத்துகளை நிரப்பினாற் போதும், தழைச்சத்தைக் காற்றே தரும் என்ற லீபிக்கின் கொள்கை கோதுமைக்குப் பொருந்தாது என்பதும் இவ்வயலிலேயே தெளிவாயிற்று.

இவ்வளவும் தனியொருவர் செலவில் நடந்தவை. 1855இல் எழுந்த ஆய்வுக்கூடங்கூட உழவர் முதலியோர் திரட்டி லாசுக்கு அளித்த நன்கொடையால் ஆனதே. அரசு இதிற் பங்கு கொள்ளவில்லை. அமெரிக்க ஐக்கிய நாடு 1887இல் ஹாட்ச் சட்டத்தின் வழியே ஒவ்வொரு மாநில ஆராய்ச்சி நிலையத்திற்கும் ஆண்டுக்கு 15,000 டாலர் வழங்கத் தொடங்கியது. அக்காலத்து இங்கிலாந்தில் நிலை வேறு. 1890இல் மதுக்கடைகளை மூடுவார்க்கு இழப்பீடாகத் தருவதற்கென ஒதுக்கிய வரிப்பணம், அத்திட்டம் கைவிடப்பட்டமையால், மாவட்டக் கழகங்களிடம் சென்று தொழிற்கல்விக்குப் பயன்பட்டது. உழவுக் கல்வியும் அதனால் ஓரளவு வளர்ந்தது. அப்பணத்தை மக்கள் ‘விஸ்கிப் பணம்’ என்றே அழைத்தனர். கல்விக்கு வந்த பொருள் எண்ணி வந்ததன்று, தவறி வந்தது என்பதை இப்பெயரே காட்டும்.

1889இல் லாஸ் 100,000 பவுனை முதலாக வைத்து லாஸ் வேளாண் அறக்கட்டளையை நிறுவினார். ஆய்வுக்கூடமும் ஆய்வு வயல்களும் குத்தகையாக அதன் பொறுப்பில் விடப்பட்டன. அதனை நடத்தும் குழுவில் இராயல் கழகத்தார் நால்வர், இராயல் வேளாண் கழகத்தார் இருவர், வேதியியற் கழகமும் லின்னேயக் கழகமும் விடுத்தோர் ஒவ்வொருவர், பண்ணை உரிமையாளர் ஆகியோர் அமைந்தனர். அரசின் சார்பாளர் எவர்க்கும் அதில் இடமில்லை. ஆடுகளை விட்டு விளக்கை ஒப்படைத்தல் போன்றதே இச்செயலும்.

எனினும் விளக்கெரித்தல் அளவான செலவுடையது, ஆராய்ச்சி அத்தன்மைத்தன்று. லாஸ் 1900லும் கில்பர்ட் 1901லும் மறைந்தனர். 1902இல் இயக்குநராக வந்த டேனியல் ஹால், கட்டளையின் வட்டியைக் கொண்டு வயல்களைத் தொடர்ந்து பேணலாமேயன்றிப் புதிய துறை எதனையும் தொடங்கல் இயலாது எனக் கண்டார். மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் அறிஞர்தம் கருத்தை ஈர்த்த காலம் அது. அவற்றை ஆராயும் வல்லுநர்க்கு ஊதியம் தரப் பொருளில்லை. முதல் அழியாத கொடையின் வலிமையும் குறையும் ஒன்றே: அது தேய்வதில்லை, வளர்வதுமில்லை.

லாயிட் ஜார்ஜ் நிதியமைச்சராக இருந்தபோது இயற்றப்பெற்ற 1909ஆம் ஆண்டுச் சட்டம் இந்நிலையில் வந்தது. அதன்வழி அமைந்த வளர்ச்சி நிதிக்கு முதல் ஐந்தாண்டிற்கென 29 இலட்சம் பவுன் ஒதுக்கப்பட்டது. ஆணைக்குழு பரிந்துரைத்தால் கருவூலம் வழங்கலாம். பொருள் அரசுத் துறை ஒன்றன் வழியே பல்கலைக்கழகம், கல்லூரி, பிற நிறுவனம், இலாப நோக்கற்ற சங்கம் ஆகியவற்றைச் சென்றடையும். இலாப நோக்கின்மை என்னும் இவ்வொரு வரையறையைச் சட்டம் இட்டதன் நுட்பம் ஆராயத்தக்கது. நிறுவனம் யாருக்கு உரியது என்று சட்டம் வினவவில்லை. என்ன நோக்குடன் இயங்குகிறது என்றே வினவியது. ஆதலின் நல்கை பெறும்பொருட்டு லாஸ் கட்டளை தன் நிலத்தையோ குழுவையோ அரசிடம் ஒப்படைக்க வேண்டிய தேவை எழவில்லை.

ஆணைக்குழு உறுப்பினருள் ஹாலும் ஒருவர் என்பது குறிப்பிடற்பாலது. கட்டளையின் போதாமையை நேரில் அறிந்தவரே நல்கையின் நெறியை வகுக்கும் இடத்திற்கு வந்தார். கொடுப்போனும் கொள்வோனும் ஒருவராதல் முறையோ என இக்காலத்தார் வினவுவர். 1912இல் ஹால் ராதம்ஸ்டெட்டை விட்டு நீங்கி முழுநேர ஆணையரானார் என்பது அதற்கு ஓரளவு விடையாகும். 1911ஆம் ஆண்டுத் திட்டப்படி ஒரு பொருளுக்கு ஒரு நிறுவனம் எனத் துறைகள் பகுக்கப்பட்டன. மண்ணும் பயிர் உணவும் ராதம்ஸ்டெட்டிற்கு, பயிர் இனப்பெருக்கம் கேம்பிரிட்ஜிற்கு, கனிமரங்கள் பிரிஸ்டலை அடுத்த லாங் ஆஷ்டனுக்கு, பாற்பண்ணை ரெடிங்கிற்கு. இப்பகுப்பு வீண்செலவைத் தவிர்த்தது உண்மையே. ஆயின் மண்ணையும் விதையையும் வெவ்வேறு ஊரில் வைத்தது உழவன் அறிந்த உண்மைக்கு ஒவ்வாத பிரிவு என்றே தோன்றுகிறது.

நல்கையால் ராதம்ஸ்டெட் பெற்ற பெரும்பயன் மனிதர். ஹாலுக்குப் பின் 1912 முதல் 1943 வரை இயக்குநராயிருந்த ஜான் ரஸ்ஸல், முதல் உலகப்போர் முடிந்து நிலையம் விரிவடைந்த 1919ஆம் ஆண்டில், குவிந்து கிடந்த விளைச்சற் குறிப்புகளை ஆராயக் கணித வல்லுநர் ஒருவரைத் தற்காலிகமாக அமர்த்தினார். ரொனால்டு பிஷர் என்னும் அவ்விளைஞர் 1933 வரை அங்கேயே தங்கினார். பிராட்பாக் வயலின் 13 கூறுகளில் 67 ஆண்டுகள் விளைந்த விளைச்சலை ஆராய்ந்து அவர் 1921இல் வெளியிட்ட கட்டுரையில் சுவையான செய்தி ஒன்றுண்டு. மண்வளத்தாலும் பருவத்தாலும் விளக்கவொண்ணாத ஒரு மெல்லிய மாற்றம் எல்லாக் கூறுகளிலும் காணப்பட்டது. அதனைக் களைகளோடு தொடர்புபடுத்திய பிஷர், சிறுவர் பள்ளி செல்லுதலைக் கட்டாயமாக்கிய கல்விச் சட்டங்களால் களை பறிக்கும் கைகள் குறைந்தமையை ஒரு காரணமாகச் சுட்டினார். கோதுமைக் கணக்கில் கல்வி வரலாறு மறைந்து கிடந்தது! இவ்வாய்விலிருந்தே மாறுபாட்டுப் பகுப்பாய்வும், கூறுகளைக் குலுக்கல் முறையில் அமைக்கும் சோதனை நெறியும் வளர்ந்தன. 1925இல் வெளிவந்த அவர் நூல் அவற்றை உலகெங்கும் பரப்பியது. இன்று மருத்துவ ஆய்வும் அந்நெறியைப் பின்பற்றுகிறது. பிஷருக்கு வேண்டிய தரவைக் கட்டளை காத்துத் தந்தது. பிஷரை நல்கை தந்தது. இரண்டில் ஒன்று இல்லையேல் மற்றதனால் பயனில்லை.

கட்டளைக்கும் இடுக்கண் வந்தது. 1934இல் ராதம்ஸ்டெட் பண்ணை விற்பனைக்கு வந்தபோது, குத்தகை மட்டுமே உடைய அறக்கட்டளை நிலத்தை இழக்கும் நிலை உண்டாயிற்று. ரஸ்ஸல் பொதுமக்களை வேண்டிப் பொருள் திரட்டி, நிலத்தைக் கட்டளையின் பெயரிலேயே வாங்கினார்.

இவ்வுரிமையின் அருமை கேம்பிரிட்ஜ் பயிர் இனப்பெருக்க நிலையத்தின் வரலாற்றோடு ஒப்பிடும்போது நன்கு விளங்கும். 1912இல் வளர்ச்சி நிதியின் நல்கையால் தோன்றிய அந்நிலையத்திற்கு லாஸ் போன்ற புரவலரோ பழைய கட்டளையோ இல்லை. ‘யோமன்’ கோதுமை முதல் ‘மாரிஸ் பைப்பர்’ உருளைக்கிழங்கு வரை நாட்டு உழவர் விரும்பிய இரகங்கள் பல அங்குத் தோன்றின. 1964ஆம் ஆண்டுச் சட்டம் புதிய இரகங்கட்கு உரிமைத்தொகை பெற வழி செய்தது. நிலையத்தின் இரகங்களும் பெருந்தொகை ஈட்டின. இதற்கிடையே நல்கையின் நெறியும் மாறியது. அதனை 1931 முதல் மேற்பார்த்துவந்த வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் பொருளில் ஒரு பகுதியை அமைச்சகத்திடம் மாற்றி, ஆராய்ச்சியை வாடிக்கையாளர் பணித்து வாங்கும் பொருளாகக் கருத வேண்டும் என ரோத்சைல்டு பிரபுவின் 1971ஆம் ஆண்டு அறிக்கை கூறியது. சந்தைக்கு அண்மையான ஆராய்ச்சியைத் தனியார் நடத்தட்டும் என்பது பின்வந்த அரசின் கொள்கை. 1987இல் கேம்பிரிட்ஜ் நிலையத்தின் இனப்பெருக்கப் பகுதி யூனிலீவர் நிறுவனத்திற்கு விற்கப்பட்டது. 1998இல் அது மான்சாண்டோவின் கைக்கு மாறியது. இலாபம் கருதாமையால் நல்கை பெற்ற நிலையம் இலாபம் தந்தமையால் விற்கப்பட்டது. விற்கத் தடையாக நிற்கும் கட்டளை ஒன்று அதற்கு இல்லை என்பதே எம் கருத்து.

பிராட்பாக்கில் 1843 முதல் எடுத்துவைக்கப்பெற்ற தானியம், வைக்கோல், மண் ஆகியவற்றின் மாதிரிகள் இன்றும் உள்ளன. அவற்றுள் எஞ்சிய பூசணங்களின் மரபுப்பொருளை ஆராய்ந்த அறிஞர், கோதுமையைத் தாக்கும் இருவகை நோய்ப்பூசணங்களின் விகிதம் காற்றில் கலந்த கந்தக டை ஆக்சைடின் ஏற்றத்தாழ்வோடு ஒத்துச் செல்வதை 2005இல் வெளியிட்டனர். மாதிரிகளைப் புட்டியில் அடைத்த கில்பர்ட்டிற்கு மரபுப்பொருள் என்பதே தெரியாது. மூன்றாண்டுப் பயனை முன்கூட்டியே எழுதிக்காட்டி நல்கை வேண்டும் இக்கால முறையில், இவ்வைக்கோலைக் காப்பதற்கு எக்குழுவும் பொருள் தந்திருக்குமென்று கூறல் அரிது.

இந்நெறி இந்தியாவிற்கும் வந்தது. லின்லித்கோ தலைமையிலான வேளாண்மை ஆணையத்தின் 1928ஆம் ஆண்டுப் பரிந்துரையால் அமைந்த இம்பீரியல் வேளாண் ஆராய்ச்சிக் கழகம், 1929 ஜூலை 16ஆம் நாள், 1860ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ்ச் சங்கமாகப் பதிவு செய்யப்பெற்றது. இங்கு நல்கை வழங்கும் அமைப்பே சங்க வடிவம் கொண்டது என்பது நோக்கத்தக்க வேறுபாடு. அக்கழகத்தின் பணியை மதிப்பிட அழைக்கப்பெற்று வந்து 1937இல் அறிக்கை அளித்தவர் ராதம்ஸ்டெட்டின் ரஸ்ஸலே. இந்திய நல்கை முறையில் கட்டளைக்கு உரிய இடம் கிடைத்ததா என்பது அவ்வறிக்கையையும் பிந்திய ஆவணங்களையும் கொண்டு தனியே ஆராய்தற்குரியது.